கை காட்டிய வீடு

லாரி வராத சாலையைக் கண்டுபிடிப்பதில் பாலச்சந்திரனை மிஞ்ச செகந்திராபாத்தில் ஆள் கிடையாது. அல்வாலில் கிளம்பி, பொல்லாரம் தாண்டி, ஷாமீர்பேட்டை நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்து, ஒரு கல்குவாரிக்குப் பின்னால் சட்டென்று திரும்பினால் போதும். அதற்கப்புறம் ஏரிக்கரை, மக்காச்சோளக் கொல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் பெரும்பாறைகள், நடுரோட்டில் படுத்துக்கொண்டு மணியடித்தாலும் நகராத எருமைகள். அந்த வழியில் ஞாயிறு காலையில் சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஆனால் வெறும் சாலை அவருக்குப் போதாது. சாலையின் முடிவில் ஒரு பழைய சண்டை இருக்க வேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறை, நிஜாம் காலத்துப் பாழடைந்த கொத்தளம், நாற்பத்தெட்டில் இந்திய ராணுவம் வந்த பாதை என்று ஏதாவது ஒன்று. "சும்மா மிதிக்கிறதுக்கு வீட்லயே ஒரு மெஷின் வாங்கிப் போட்டுக்கலாமே" என்பார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. போய்ச் சேர்ந்ததும் டீ. டீ முடிந்ததும் கதை. கதை முடிகிறவரை யாரும் சைக்கிளைத் தொடக் கூடாது.

கதை சொல்பவர் பாலச்சந்திரன்தான். வேறு யார்? வார நாட்களில் அவர் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு அதிகாரி. மாத்திரையின் எடையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். மேலதிகாரியே வந்து நின்றாலும் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தால் சோதனையும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நான்கு பேர் வாயைப் பிளந்து கேட்கிறார்கள் என்றால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது.

ராயிகுண்டா அவருடைய செல்ல வழி. ஊரின் நுழைவில் ஒரு புருஜு நிற்கிறது. வட்டமாக, மூன்று மாடி உயரத்துக்குக் கல்லால் கட்டிய காவல் கோபுரம். கீழே குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். கதவு எப்போதோ போய்விட்டது. சுவரில் குண்டு பட்ட குழிகளில் கிளி கூடு கட்டியிருக்கிறது. நாற்பத்தெட்டில் நிஜாமுக்காகச் சண்டை போட்ட ரஜாக்கார் படை ஊரைச் சூழ்ந்தபோது இளவட்டங்கள் அதன்மேல் ஏறி நாட்டுத் துப்பாக்கியால் தடுத்துப் பார்த்தார்கள். வெடிமருந்து தீர்ந்தது. இறங்கி வந்தார்கள். வரிசையாக நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். இவ்வளவுதான் ஊரில் தெரிந்த சேதி. முதன்முதலில் அந்த ஊர் மல்லய்யா என்ற கிழவர்தான் பாலச்சந்திரனிடம் இதைச் சொன்னார். சொல்லும்போது சுடப்பட்டவர்களில் தன் சித்தப்பாவும் உண்டு என்று மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

புருஜுவுக்கு எதிரே அப்துல் ரஹீமின் டீக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நீலக் கதவு, முன்னால் ஒரு வேப்பமரம், புருஜுவைத் தவிர அந்தத் தெருவில் மிஞ்சியிருந்த ஒரே பழைய கட்டடம் அதுதான். இந்தக் குழு வர ஆரம்பித்த பிறகு ரஹீம் ஞாயிறு காலையில் சீக்கிரமே அடுப்பு மூட்டிவிடுவார். சைக்கிள்களைச் சாய்த்து வைக்க மூங்கிலில் ஒரு சட்டம் கட்டி வைத்தார். காற்றடிக்கும் பம்பு ஒன்று வாங்கி மாட்டினார். யாருடைய டயராவது பஞ்சர் ஆனால் டீயை அப்படியே விட்டுவிட்டு அவரே உட்கார்ந்து ஒட்டுவார். பாலச்சந்திரனுக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டீ, சொல்லாமலே வரும். "சாப், எதிர்க்காத்து ஜாஸ்தியா இன்னைக்கு?" என்பதுதான் அவருடைய வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. குழுவில் புதிதாகச் சிலர் சேர்ந்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்த ஸ்ரீகாந்த், அவனோடு வேலை பார்க்கும் ஹர்ஷிதா, இன்னும் இரண்டு மூன்று பேர். தூறலில் நனைந்துகொண்டே பாலச்சந்திரன் கதையைச் சொல்லி முடித்தார். வெடிமருந்து தீர்ந்தது, இறங்கி வந்தார்கள், சுட்டுவிட்டார்கள்.

ஹர்ஷிதா காலிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அவ்ளோதானா அங்கிள்?"

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் கதைசொல்லிக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. எல்லாரும் மழைக்கோட்டை உதற ஆரம்பித்தார்கள். ஒருவன் சைக்கிளையே தொட்டுவிட்டான். பாலச்சந்திரனின் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவ்ளோதான்னா எப்படிம்மா? ஊர்க்காரங்க சொல்ற கதை அது. நிஜம் வேற. வெடிமருந்து தீரவே இல்ல. ராத்திரி உள்ளேருந்து ஒருத்தன் கதவைத் திறந்து விட்டுட்டான்."

தொட்ட கை சைக்கிளை விட்டது. ஸ்ரீகாந்த் போனை நிமிர்த்திப் பிடித்தான்.

"யாரு சார்?"

"எல்லாம் கூடவே இருந்தவன்தான். இங்கதான், புருஜுவுக்கு எதிர் வீட்டுக்காரன்" என்று சொல்லிப் பாலச்சந்திரன் கையை நீட்டினார். நீட்டுவதற்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு வீடு. நீலக் கதவு, வேப்பமரம். அவர் வீட்டைப் பார்த்துக்கூட நீட்டவில்லை. கேட்பவர்களின் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவை விரிந்ததில் அவருக்கு ஏக சந்தோஷம். ரஹீம் அப்போது ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் நடந்ததால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று மத்தியானமே ஸ்ரீகாந்த் தான் எடுத்த வீடியோவைப் பின்னணி இசை சேர்த்து வலையில் ஏற்றிவிட்டான். பாலச்சந்திரனின் மனைவி சாந்தா சோற்றைக் கிளறிக்கொண்டே அவர் போனில் பார்த்தாள். நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழ்கிற குடும்பத்துப் பெண். சின்ன வயதில் கோல்கொண்டாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதெல்லாம் ஞாபகம் இருக்கிறவள்.

"ஏங்க, இது கோல்கொண்டா கதைல்ல? ஔரங்கசீப் மாசக்கணக்கா சுத்தி நின்னும் ஒண்ணும் பண்ண முடியாம, உள்ளேருந்து ஒருத்தன் கதவைத் திறந்து விட்டானே, அது. அதை எதுக்குத் தூக்கிட்டுப் போய் ராயிகுண்டாவுல வெச்சீங்க?"

"ஹவ், அதேதான். கொஞ்சம் உப்பு காரம் போட்டேன். கதைன்னா அப்படித்தான்."

"எதுக்கு இந்த வேலை உங்களுக்கு? யார் வீட்டையோ கை காட்டுறீங்க பாருங்க."

"சும்மா நீட்டினேன்டி. யார் பார்க்கப் போறா?"

எல்லாரும் பார்த்தார்கள். முதல் வாரம் பாலச்சந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்களுக்குப் போனை நீட்டி நீட்டிக் காட்டினார். பிறகு யாரோ அதற்குத் தெலுங்கில் எழுத்துப் போட்டார்கள். இன்னொருவர் அவர் நீட்டிய கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, வீட்டுக் கதவைப் பெரிதாக்கிக் காட்டினார். மூன்றாவது ஆள் அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பெயரைப் போட்டுவிட்டார். லாரியே வராத அந்தச் சாலையில் பைக்குகளும் கார்களும் வரிசை கட்டின. புருஜு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே திரும்பி வீட்டையும் எடுத்தார்கள். கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்தது. ரஹீமின் தாத்தா ஒரு மூட்டை வெள்ளிக்காசு வாங்கினாராம். அந்த வெள்ளியில்தான் வீடு கட்டினாராம். கதவின் நீலச் சாயம்கூட அந்தக் காசில் வாங்கியதுதானாம்.

ஏரி நிரம்பிய ஒரு ஞாயிறு குழு ராயிகுண்டாவுக்குப் போனபோது டீக்கடையில் அடுப்பு இல்லை. மூங்கில் சட்டம் முறித்துப் போடப்பட்டிருந்தது. நீலக் கதவில் தாரால் தெலுங்கில் பெரிதாக ஒரு சொல் எழுதியிருந்தது. துரோகி. ஊர்க்காரர்கள் ரஹீம் கடையில் டீ குடிப்பதில்லை, பாலும் கொடுப்பதில்லை என்று வழியில் ஆடு மேய்த்தவர் சொன்னார். மசூதித் தெருவிலேயே இரண்டு வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். தங்களையும் சேர்த்து அடிப்பார்கள் என்கிற பயம்.

பாலச்சந்திரன் அங்கேயே மூங்கில் துண்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஹர்ஷிதா கதவுக்கு முன்னால் நின்று படம் எடுக்கப் போனாள். "எடுக்காதே!" என்று அவர் கத்திய கத்தலில் கிளிகள் பறந்தன.

அதன் பிறகு அவர் செய்யாதது ஒன்றுமில்லை. ஸ்ரீகாந்தின் வீட்டுக்கே போய் அந்த வீடியோவை வலையிலிருந்து நீக்கச் சொன்னார். பையன் பயந்துபோய் உடனே நீக்கிவிட்டான். "ஆனா சார், நூத்துக்கணக்குல பிரதி ஓடுது. அதையெல்லாம் நான் என்ன பண்ண?" என்று அழாத குறையாகக் கேட்டான். பாலச்சந்திரன் சட்டை மாற்றிக்கொண்டு, வீட்டுச் சுவரோரம் நின்று, "நான் சொன்னது பொய், கோல்கொண்டா கதையை எடுத்து அங்கே ஒட்டினேன்" என்று தெலுங்கிலும் உருதுவிலும் பேசி ஒரு படம் ஏற்றினார். பார்த்தவர்கள் சொற்பம். பார்த்தவர்களில் பாதிப் பேர், உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதினார்கள். மீதிப் பேர், பாவம், மிரட்டியிருக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டார்கள்.

"படத்துல பேசினா ஆவாது" என்றாள் சாந்தா. அவள் திட்டுவதை நிறுத்திச் சில நாட்கள் ஆகியிருந்தன. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. "ஊருக்குப் போங்க. பெரியவங்க முன்னாடி வாயால சொல்லுங்க. செருப்பால அடிச்சாலும் வாங்கிட்டு வாங்க."

லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். அந்தச் சாலையை அவர் அவ்வளவு நீளமாக ஒருநாளும் உணர்ந்ததில்லை. அடிக்கட்டும் என்றுதான் போனார். அடித்தால் விடிந்துவிடும் என்றுகூட நம்பினார்.

அவர்கள் அடிக்கவில்லை. மாலை போட்டார்கள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊர்த்தலைவரான சர்பஞ்ச் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஓடிப்போய்ப் பிள்ளையார் படத்து மேலிருந்த செவ்வந்தி மாலையையே எடுத்து வந்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். "சார்தான் எங்க ஊர் சரித்திரத்தை வெளியில கொண்டுவந்தவர்" என்று சர்பஞ்ச் தெலுங்கில் எல்லாருக்கும் சொன்னார். நிஜாம் ஆட்சி முடிந்த நாளான செப்டம்பர் பதினேழாம் தேதி புருஜு முன்னால் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். கதவு திறந்த கதையை அதில் வெட்டியாகிவிட்டதாம். திறந்து வைக்க சார்தான் வர வேண்டுமாம்.

பாலச்சந்திரன் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது பொய். நான் இட்டுக்கட்டினேன். எந்தக் கதவையும் யாரும் திறக்கல."

சர்பஞ்ச் சிரித்தார். ரொம்பவும் அன்பான சிரிப்பு. "பயப்படாதீங்க சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நாங்க பார்த்துக்கறோம்."

"பயமில்லைங்க. சத்தியமாச் சொல்றேன், பொய்."

மூலையில் உட்கார்ந்திருந்த மல்லய்யா தடியை ஊன்றி எழுந்தார். "நீங்க எப்படிப் பொய்ன்னு சொல்வீங்க? எங்கப்பா தன் வாயால எனக்குச் சொன்னாரே. ராத்திரி தாழ்ப்பாள் சத்தம் கேட்டுதாம். எட்டிப் பார்த்தா ரஹீமோட தாத்தா கையில லாந்தரோட நிக்கிறானாம்."

"பெரியவரே!" பாலச்சந்திரன் அவர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எங்கிட்ட மருந்து தீர்ந்துதுன்னு சொன்னீங்க? புருஜு நிழல்ல உட்கார்ந்து சொன்னீங்களே. உங்க சித்தப்பாவை நெனச்சு அழுதீங்களே!"

"அப்போ சொல்ல மனசு வரல" என்றார் மல்லய்யா. "வெளியாள்கிட்ட ஊர் மானத்தை எதுக்கு வாங்கணும்னு மறைச்சேன். நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. அப்புறம் என்ன?"

கிழவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர் கண்ணில் நீர் நின்றது. லாந்தர் வெளிச்சத்தை அவர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் இருவர் தலையாட்டினார்கள். ஒருவருடைய அத்தையும் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டிருந்தாளாம். பாலச்சந்திரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் தூறலில் நின்று வாய்க்கு வந்தபடி உளறிய ஒன்று, இந்த மனிதர்களின் அப்பன் பாட்டன் வாய்க்குள் எப்படிப் போனது என்று அவருக்கு விளங்கவில்லை. இதற்குமேல் யாரிடம் போய் மறுப்பது? கம்பெனியில் கெட்டுப்போன மருந்தைத் திருப்பி வாங்கிக் கொட்டி அழிக்க ஒரு முறை இருக்கிறது. இதை எந்த வாயிலிருந்து திருப்பி வாங்குவார்?

மாலையை மறுபடி போடப் பார்த்தார்கள். கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

ரஹீமின் வீட்டு முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ நின்றது. கட்டில், தகரப் பெட்டிகள், டீக்கடையின் பெரிய அலுமினியப் பாத்திரம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மனைவியும் மகளும் பர்தாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பட்டான்செருவில் மருமகன் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், அங்கே போகிறோம் என்றார் ரஹீம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை ஒரு துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தார்.

பாலச்சந்திரன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வருகிற வழியெல்லாம் உருதுவில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "ரஹீம் பாய், நான்தான். எல்லாம் நான்தான். யாரும் கதவைத் திறக்கல. பசங்க கேட்டாங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கோல்கொண்டாவோட கதை அது. உங்க வீட்டை ஏன் காட்டினேன்னு எனக்கே தெரியல. கை போச்சு, காட்டினேன். என்னை என்ன வேணா பண்ணுங்க."

ரஹீம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நக்கோ சாப், வேணாம். அழாதீங்க" என்றார். "உங்க வீடியோ பார்த்தேன், பொய்ன்னு சொன்னீங்களே, அதையும். நல்ல மனுஷன் நீங்க. எங்க மேல இரக்கப்பட்டு உங்க பேரைக் கெடுத்துக்கறீங்க."

"இரக்கம் இல்ல பாய்! உண்மை!"

"எந்தப் புத்தகத்துல படிச்சீங்கன்னு கேட்கணும்னு நெனச்சேன். நக்கோ, இனிமே என்னத்துக்கு." ரஹீம் புருஜுவின் பக்கம் பார்த்தார். "எங்க தாத்தா அந்த நிழல்லகூட நடக்க மாட்டாராம் சாப். கடைக்குப் போகணும்னாலும் ஊரைச் சுத்திட்டுதான் போவாராம். ஏன்னு சின்ன வயசுல எங்கப்பாவைக் கேட்டேன். பளார்னு ஒரு அறை விட்டாரு. அவர் என்னை அடிச்சது அந்த ஒரே தடவைதான். ஏன் அடிச்சார்னு இவ்வளவு நாளா புரியாம இருந்துது. இப்பப் புரிஞ்சுது."

"பயமா இருந்திருக்கும் பாய். கூடப் பழகினவங்க செத்த இடம், துக்கமா இருந்திருக்கும். அதுக்கெல்லாம் வேற காரணம் இருக்காதா?"

"இருக்கலாம்" என்றார் ரஹீம், ஒரு குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி.

அந்த நேரத்தில், ஒருவேளை நிஜமாகவே இருக்குமோ என்று பாலச்சந்திரனுக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. தானே செய்த பொய்யை, செய்த கை காயும் முன்னால், தானே நம்பப் பார்த்தார். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரஹீம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவைக் கடந்தார். புருஜுவின் அடியில் போய் நின்றார். குண்டு பட்ட குழி ஒன்றில் உள்ளங்கையை வைத்து, நெற்றியைக் கல்லில் சாய்த்து, மன்னிச்சுடுங்க என்று சொன்னார். அவர் சொன்னது உருதுவில், மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த அமைதியான சாலையில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. பஞ்சாயத்து அலுவலக வாசலில் நின்றவர்கள் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லய்யா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஓடிப்போய் அவரை அங்கிருந்து இழுத்து வந்துவிட வேண்டும் என்று பாலச்சந்திரனுக்கு இருந்தது. வாயைத் திறந்தார். இந்த ஊரில் அவர் வாய்க்கு இனி ஒரு வேலையும் இல்லை.

ரஹீம் திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பின் டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"எதிர்க்காத்து ஜாஸ்தியா இருக்கு சாப்" என்றார். "பார்த்துப் போங்க."